'அவுட் ஆஃப் டைம்' ரேடியோவுக்குப் பணிந்த ஆல்பமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூலை 3

ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு வருகிறேன். 'மர்மர்', 'ரெக்கனிங்' இரண்டும் அபாரம். பாடகர் என்ன சொல்கிறார் என்று பிடிபடாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருக்க முடிகிறது. 1991இல் வந்த 'அவுட் ஆஃப் டைம்' மட்டும் ஒட்டவில்லை. முதல் பாட்டில் ராப், அடுத்ததில் மாண்டலின், அப்புறம் வயலின்கள், நடுவில் பாடல் வரியே இல்லாத ஒன்று, குழந்தைப் பாட்டு மாதிரி ஒன்று, வெறும் பேச்சாக ஒன்று. பெரிய கம்பெனிக்குப் போனதும் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஓடட்டும் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக் கலந்துவிட்டார்கள். ஒரு அண்டர்கிரவுண்ட் குழு ரேடியோவுக்குப் பணிந்த இடம் இதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லலாம்.

ஜூலை 3, இரவு

மறுக்கிறேன். முதலில் வருடக் கணக்கைப் பார்ப்போம். வார்னர் பிரதர்ஸில் அவர்களுடைய முதல் ஆல்பம் 1988 நவம்பரில் வந்த 'கிரீன்'. அதற்கும் முந்தைய வருடமே, ஐ.ஆர்.எஸ். என்ற சின்னக் கம்பெனியில் இருந்தபோதே, 'தி ஒன் ஐ லவ்' என்ற பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறிவிட்டது. 'கிரீன்' ஆல்பத்தின் 'ஸ்டாண்ட்' 6ஆம் இடம் பிடித்தது. ஆக, 1991க்கு முன்பே ரேடியோ இவர்களைக் கண்டுகொண்டிருந்தது. பணியத்தான் வேண்டும் என்றால் அதே எலக்ட்ரிக் கிடார், அதே சத்தத்தோடு இன்னொரு 'ஸ்டாண்ட்' போட்டிருந்தால் போதுமே. அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதை அவர்கள் செய்யவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

ஜூலை 4, காலை

ஆல்பம் இவ்வளவு விதமாக ஏன் ஒலிக்கிறது என்பதற்கு நான் நம்பும் காரணம் ரொம்ப நேரடியானது. பாடகர் தவிர மற்ற மூவரும் தங்கள் கைக்குப் பழகிய வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டார்கள்.

1989 முழுக்கச் சுற்றுப்பயணம். ஜனவரியில் ஜப்பானில் ஆரம்பித்து நவம்பரில் அட்லாண்டாவில் முடிந்தது. அது முடிந்தபோது கிடார் வாசித்த பீட்டர் பக்குக்கு எலக்ட்ரிக் கிடார் சலித்துப் போயிருந்தது. மாண்டலினை எடுத்துக்கொண்டார். பேஸ் கிடார் வாசித்த மைக் மில்ஸ் சில பாட்டுகளில் கீபோர்டுக்குப் போனார். டிரம்ஸ் வாசித்த பில் பெரி சில பாட்டுகளில் பேஸைக் கையில் எடுத்தார். 'கிரீன்' ஆல்பத்திலேயே இந்த இடமாற்றம் கொஞ்சம் தொடங்கியிருந்தது. இதில் அதுவே நடைமுறையாகிவிட்டது. பாடகர் மைக்கேல் ஸ்டைப்புக்கு அவர்கள் கொடுத்தவை இப்படிப் பிறந்த மெட்டுகள்தான்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது வாசித்துப் பார்த்தால்தான் உறைக்கும். நான் கல்லூரி மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசித்தவன். பின்னாளில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய மாண்டலின் ஒன்றை வாங்கினேன், இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே. கிடாரில் விரல்கள் தானாகப் போய் உட்காரும் எந்த இடமும் அதில் கிடையாது. மாண்டலினின் சுருதி வயலினுடையது. ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே ஸ-ப தூரம். கிடாரில் பெரும்பாலும் ஸ-ம தூரம்தான். அதனால் கார்டு வடிவங்கள், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் விரல் நிலைகள், அத்தனையும் மாறிவிடுகின்றன. தந்திகள் வேறு இரட்டை இரட்டையாக எட்டு. விரல் நுனி முதல் வாரத்திலேயே காய்த்துவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம், மீட்டிய ஸ்வரம் உடனே அடங்கிவிடுவது. எண்பதுகளில் பக் பெயர் வாங்கியதே கார்டைப் பிடித்தபடி ரிக்கன்பேக்கர் கிடாரில் ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே மீட்டும் பாணிக்காகத்தான். கிடாரில் அந்த ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று தங்கி மணியோசை மாதிரிப் பரவும். மாண்டலினில் அப்படித் தங்காது. ஓசை நிற்க வேண்டுமென்றால் கை ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டின் அந்தப் படபடப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பாடுகிறவரின் மனநிலைக்கு அது அவ்வளவு பொருந்தியிருக்கிறது. ஆனால் கை ஓயாமல் அடிக்க வேண்டிய கட்டாயத்தை அங்கே கொண்டுவந்தது வாத்தியம்.

ஜூலை 4, மதியம்

காலையில் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாண்டலினுக்குக் கீழ்ஸ்தாயி கிடையாது. அதை மட்டும் வைத்துப் பாட்டுக் கட்டினால் அடித்தளம் காலியாக நிற்கும். 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டில் அந்தக் காலியிடத்தைப் பிறர் வந்து நிரப்பியிருப்பதைக் கவனியுங்கள். மில்ஸின் பேஸ் கிட்டத்தட்ட தனி மெட்டாகவே நடக்கிறது. பயணத்தில் கூட வாசித்த பீட்டர் ஹோல்சாப்பிள் அக்கூஸ்டிக் கிடார் சேர்த்தார். மார்க் பிங்காம் வயலின்களுக்கு எழுதினார், அட்லாண்டா சிம்பொனிக் கலைஞர்கள் வாசித்தார்கள். கேள்வி கேட்டவர் "அப்புறம் வயலின்கள்" என்று ஏதோ மேலே தூவியது போல எழுதியிருக்கிறார். ஒரு வாத்தியம் மாறியதும் அதைச் சுற்றி மற்றவை இடம் பெயர்ந்ததன் விளைவு அது. பாட்டுக்குப் பாட்டு மையத்தில் இருக்கும் வாத்தியம் மாறுகிறது, அதனால் பாட்டுக்குப் பாட்டு குழுவே வேறாக ஒலிக்கிறது.

மாண்டலின் என்றால் எங்கள் வீட்டில் உ. ஸ்ரீனிவாஸ் மட்டும்தான். அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். கமகம் பிடிக்க அதுதான் தோது. பக் வாசித்தது அதற்கு நேர் எதிரானது. அப்பாவுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது, "இதில் எங்கே மாண்டலின்?" என்று கேட்டார்.

ஜூலை 5

"ரேடியோ" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதில்தான் இந்த வாதம் சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் அப்போது ரேடியோ ஒன்றாக இல்லை.

அங்கே எஃப்.எம். அலைவரிசையில் 88இலிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடது ஓரம் வணிகம் சாராத ஸ்டேஷன்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. கல்லூரி ரேடியோக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. நடத்துவது மாணவர்கள், விளம்பரம் இல்லை, நள்ளிரவில் யாருக்கும் தெரியாத குழுவின் சிங்கிளை (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டை) அடுத்தடுத்துப் போட்டாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. எண்பதுகளில் 'அண்டர்கிரவுண்ட்' என்று சொன்னவற்றில் பெரும் பகுதி இந்த ஓரத்தில் வளர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில், பழைய தேவாலயம் ஒன்றில் 1980 ஏப்ரல் 5 அன்று முதல் கச்சேரி செய்த ஆர்.ஈ.எம். வளர்ந்ததும் இங்கேதான். அவர்களுடைய முதல் சிங்கிளின் பெயரே 'ரேடியோ ஃப்ரீ யூரோப்', 1981. அதைத் திரும்பப் பதிவுசெய்து 1983இல் வெளியிட்டபோது பில்போர்டில் 78ஆம் இடத்தோடு நின்றது. அதே வருடம் 'மர்மர்' ஆல்பத்தை ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்று விமர்சகர்களும் வணிக ரேடியோவும் எவ்வளவு தள்ளி இருந்தார்கள் என்று தெரியும்.

வணிக ரேடியோவிலும் பிரிவுகள் உண்டு. டாப் 40 ஒரு பக்கம், பழைய பெரிய ராக் குழுக்களைச் சுற்றிவரும் ஆல்பம் ராக் ஒரு பக்கம். கல்லூரி ரேடியோவின் ருசி சந்தைக்கு வந்ததும் 'மாடர்ன் ராக்' என்று பில்போர்டு தனிப் பட்டியலே தொடங்கியது, 1988 செப்டம்பரில். 'லூசிங் மை ரிலிஜன்' ஆல்பம் ராக், மாடர்ன் ராக் இரண்டு பட்டியலிலும் முதலிடம். பொதுப் பட்டியலில் 4ஆம் இடம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஸ்டேஷன்கள் ஒரே பாட்டைப் போட்டிருக்கின்றன.

ஜூலை 5, இரவு

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "எல்லா ஸ்டேஷனும் போட்டது என்றால் எல்லா ஸ்டேஷனுக்கும் பிடிக்கிற மாதிரி செய்தார்கள் என்றுதானே அர்த்தம்?"

சரி, அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1991 வசந்தத்தில் ரேடியோவில் ஓட ஒரு பாட்டுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கணீரென்ற டிரம்ஸ், சீக்கிரமே வந்து திரும்பத் திரும்ப வரும் பல்லவி, பெரிய கிடார், நான்கு நிமிடத்துக்குள் முடிவு. இதில் நான்கரை நிமிடம் நீளம். வாய்விட்டுக் கூடப் பாடும்படி விரிந்து வரும் பல்லவி இல்லை. தலைப்புச் சொற்கள் சரணத்தின் நடுவே பத்தோடு பதினொன்றாகக் கடந்துபோகின்றன. சோகச் சாயல் கொண்ட மைனர் கார்டுகளில் ஆரம்பித்து அவற்றிலேயே சுற்றுகிறது. முன்னால் நிற்பது மாண்டலின். இதை முதல் சிங்கிளாக விடுவதா என்று வார்னருக்குள்ளேயே தயக்கம் இருந்தது. குழுதான் பிடிவாதமாக நின்றது.

ரேடியோவுக்குப் பிடிக்கிற மாதிரி அதைச் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. தன் மனதில் இருப்பதை அதிகமாகச் சொல்லிவிட்டோமோ, போதாமல் சொன்னோமோ என்று தவிக்கிற ஒருவரின் குரல் அது. எனக்கு அந்த வயதில் அது எங்கே போய்த் தொட்டது என்று விளக்குவது கஷ்டம். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. தவிப்பு முழுசாகப் புரிந்தது.

ஜூலை 6

சேலத்து நண்பர் ஒருவர் வீடியோவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: ரேடியோவை விடுங்கள், எம்.டி.வி.க்காகச் செய்தார்களா?

இந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது உண்மை. ஸ்டைப் அதுவரை வீடியோவில் வாயசைத்து நடிப்பதைத் தவிர்த்து வந்தவர். பாடாததைப் பாடுவதாகக் காட்டுவது அவருக்கு ஒப்பவில்லை. இந்தப் பாட்டுக்குத்தான் ஒத்துக்கொண்டார்.

இயக்கியவர் நம் நாட்டுக்காரர். ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். கலிஃபோர்னியாவில் பாசடீனா கலைக் கல்லூரியில் படித்தவர், பின்னால் 'தி செல்', 'தி ஃபால்' படங்களை எடுத்தவர். இந்த வீடியோவுக்கு அவர் எடுத்துக்கொண்டவை காபிரியேல் கார்சியா மார்க்கேசின் கதையில் வரும் சிறகு முளைத்த கிழவர், கரவாஜியோவின் ஓவியங்களில் விழும் ஒளி, அப்புறம் மதச் சித்திரங்களின் பளபளப்பு. ஹாஸ்டலில் ஸ்டார் டி.வி. வழியே எம்.டி.வி. வந்த புதிதில் இதைப் பார்த்தபோது, சிவகாசிக் காலண்டர் சாமிப் படத்தின் வண்ணங்கள் மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பட்டது. இயக்குநர் யார் என்று அப்போது தெரியாது. தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்த வருடம் எம்.டி.வி. விருதுகளில் ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட ஆறு விருது.

ஸ்டைப் அதில் ஆடுவது யாரும் சொல்லிக்கொடுத்த ஆட்டமாகத் தெரியாது. கைகள் எங்கெங்கோ போகும். எங்கள் ஹாஸ்டல் அறையில் அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஜூலை 7

முதல் பாட்டு 'ரேடியோ சாங்' பற்றி யாரும் பேசவில்லை. ரேடியோவுக்குப் பணிந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆல்பம் ரேடியோவைத் திட்டும் பாட்டோடுதான் தொடங்குகிறது! ஒரே மாதிரிப் பாட்டுகள் ஓயாமல் ஓடுகின்றன, தாங்க முடியவில்லை என்ற ஆற்றாமைதான் பாட்டு. ராப் பாடியவர் ஹிப்-ஹாப் குழுவான பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸின் கே.ஆர்.எஸ்.-ஒன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்து, வன்முறைக்கு எதிராக ஹிப்-ஹாப் கலைஞர்களை ஒன்று திரட்டியவர். பாட்டுக்கு நடுவே ராப்பை ஒட்டுவது நாகரிகமாக இருந்த காலம்தான். ஆனால் அதற்காக மட்டும் அவரைப் போன்ற ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

பாட்டு முழுசாக ஜெயித்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மெல்லிய தொடக்கம் அழகு, மில்ஸின் ஆர்கன் அழகு, கடைசியில் வரும் ராப் பகுதி தனியாக நன்றாக இருக்கிறது. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஆல்பத்தில் தையல் தெரிகிற பாட்டு எனக்கு இது ஒன்றுதான். கேள்வி கேட்டவர் முதலில் இதைக் கேட்டுவிட்டு, மற்ற பத்தையும் அதே சந்தேகத்தோடு கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

ஜூலை 7, இரவு

அடுத்து, எல்லோரும் காத்திருக்கும் பாட்டு. 'ஷைனி ஹாப்பி பீப்பிள்'.

இதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை, வெறுக்கவும் இல்லை. அமெரிக்காவில் 10ஆம் இடம், பிரிட்டனில் 6ஆம் இடம். கூடப் பாடியவர் பி-52ஸ் குழுவின் கேட் பியர்சன், அவரும் அதே ஏதென்ஸ் ஊர்க் குழுக்காரர். குழந்தைகளுக்கான பாட்டு என்று ஸ்டைப்பே சொல்லியிருக்கிறார். 2003இல் வார்னர் காலத்துப் பாட்டுகளிலிருந்து அவர்கள் போட்ட தொகுப்பில் இது இல்லை. 'அவுட் ஆஃப் டைம்' ஆல்பத்திலிருந்து 'லூசிங் மை ரிலிஜன்' ஒன்றைத்தான் எடுத்தார்கள். 2011இல் குழு கலைந்தபோது வந்த தொகுப்பில்தான் திரும்பச் சேர்த்தார்கள். இடையில் 1999இல் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் பொம்மைகளோடு வரியை மாற்றிப் பாடினார்கள். அங்கே அது கச்சிதமாகப் பொருந்தியது.

கேசட் காலத்தில் இந்தப் பாட்டு வந்தால் ஓட்டிவிடுவேன். இப்போது தொடக்கத்துக்காக நிறுத்திக் கேட்கிறேன். வயலின்கள் வால்ஸ் நடையில், மூன்று மூன்றாக எண்ணி ஆரம்பிக்கும். திடீரென்று நான்குக்கு மாறிக் கிடார் உள்ளே வரும். நடுவில் ஒருமுறை மறுபடி மூன்றுக்குப் போய்த் திரும்பும். நம் காதுக்குத் திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்குத் தாவுவது போல இருக்கும். மேலே சிரிப்பும் கும்மாளமுமாக ஓடும் பாட்டில் இவ்வளவு கவனமான வேலை இருப்பது எனக்குப் பிடிக்கிறது. ரேடியோவுக்காகவே எழுதியது போல ஒலிக்கும் ஒரு பாட்டு இந்த ஆல்பத்தில் உண்டென்றால் அது இதுதான், ஒப்புக்கொள்கிறேன். பதினொன்றில் ஒன்று.

ஜூலை 8

சின்னக் குறிப்பு. ஆல்பம் எல்.பி.யிலும் கேசட்டிலும் இரண்டு பக்கத்துக்கும் பெயரோடு வந்தது. முதல் பக்கம் 'டைம்', இரண்டாவது 'மெமரி'. முதல் பக்கம் 'எண்ட்கேம்' என்ற வரிகளில்லாத பாட்டோடு அடங்கும். 'மெமரி' பக்கத்தைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். 'ஷைனி ஹாப்பி பீப்பிள்' முடிந்த கையோடு 'பிலாங்' வருகிறது. ஸ்டைப் பேசுகிறார், பல்லவி வரும் இடத்தில் வார்த்தை இல்லாமல் குரல்கள் மட்டும் எழும்புகின்றன. அதற்கடுத்து 'ஹாஃப் எ வேர்ல்டு அவே', மறுபடி மாண்டலின், ஆர்கன், வயலின்கள். சிரிப்பிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து ஏக்கத்துக்கும் போகும் இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 9

இழை வேறு பக்கம் போகிறது என்று தெரியும், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அமெரிக்காவில் அப்போது சி.டி.யை நீளமான அட்டைப் பெட்டியில் வைத்து விற்றார்கள். எல்.பி. வைத்த பழைய அடுக்குகளிலேயே கடைக்காரர்கள் அடுக்குவதற்காக அந்த நீளம். வாங்கியதும் குப்பைக்குப் போகும் அட்டை, குழுவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வீணான இடத்தில் ஒரு மனு அச்சாகி வந்தது. வாங்கியவர் வெட்டி, நிரப்பி, தன் மாநில செனட்டருக்கு அனுப்ப வேண்டும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம் என்ற 'மோட்டர் வோட்டர்' மசோதாவை ஆதரிக்கச் சொல்லும் மனு. இளைஞர்களை வாக்களிக்க வைக்க முனைந்த 'ராக் தி வோட்' அமைப்பின் முயற்சி அது. 1992இல் மசோதாவை ஜார்ஜ் புஷ் வீட்டோ செய்தார். 1993 மே மாதம் பில் கிளின்டன் கையெழுத்திட்டு அது சட்டமானது.

ஒரு ஆல்பம் சட்டம் கொண்டுவந்தது என்று சொல்ல வரவில்லை, அதற்குப் பின்னால் பல வருடம் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ரேடியோவில் ஓடியதால்தான் அந்த அட்டை இத்தனை வீடுகளுக்குப் போனது. பிரபலமாவது என்றாலே எதையோ விற்றுவிட்டதாகப் பேசுகிறோமே, அந்தப் பிரபலத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்.

ஜூலை 10, காலை

கேட்டவர் மறுபடி: "சரி, பணியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு ஆல்பமாக அது நிற்கிறதா? 'மர்மர்' முழுக்க ஒரே காற்று வீசுகிறது. இதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஊர்."

இதுதான் நல்ல கேள்வி, இதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது.

'மர்மர்' ஒரே காற்று என்பது சரி. நார்த் கரோலினாவின் சார்லட் நகரத்து ஸ்டூடியோவில், மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்ஸனும் தயாரித்தது. நான்கு பேர், நான்கு வாத்தியம், எல்லாம் ஒரே புகைமூட்டத்துக்குள். 'அவுட் ஆஃப் டைம்' நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் பக்கம் பியர்ஸ்வில் ஸ்டூடியோவில் 1990 செப்டம்பரில் பதிவாகத் தொடங்கியது. தயாரிப்பாளர் ஸ்காட் லிட். கொஞ்சம் வேலை சொந்த ஊர் ஏதென்ஸில், ஒலிக்கலவை மின்னசோட்டாவில் பாடகர் பிரின்ஸின் பெய்ஸ்லி பார்க் ஸ்டூடியோவில். ஊர்கள் மாறியது நிஜம்தான்.

ஆனால் இந்த ஆல்பத்தில் ஓடும் நூல் வேறு இடத்தில் இருக்கிறது. அதுவரை ஸ்டைப் எழுதியதில் காதல் என்று நேராகச் சொல்லும் பாட்டுகள் அரிது. 'தி ஒன் ஐ லவ்' கூடப் பெயருக்குத்தான் காதல், உள்ளே நஞ்சு. 'கிரீன்' ஆல்பத்தில் போர், அரசியல், சுற்றுச்சூழல். இதில் வந்து பார்த்தால் 'லோ', 'நியர் வைல்டு ஹெவன்', 'ஹாஃப் எ வேர்ல்டு அவே', 'கன்ட்ரி ஃபீட்பேக்' எல்லாம் நெருக்கத்தையும் அது குலைவதையும் பற்றியவை. கடைசிப் பாட்டு 'மீ இன் ஹனி' குழந்தை வரப்போகும் செய்திக்கு ஒரு ஆணின் பதில். 10,000 மேனியாக்ஸ் குழுவின் நடாலி மெர்ச்சன்ட் பெண் பக்கமிருந்து எழுதிய 'ஈட் ஃபார் டூ' பாட்டுக்கு மறுமொழியாக எழுதியதாக ஸ்டைப் சொல்லியிருக்கிறார். இத்தனை விதமான நெருக்கத்துக்கு ஒரே வாத்தியக் கூட்டணி எப்படிப் போதும்? ஆசை ஒருவிதமாகவும் கைவிடப்படுவது ஒருவிதமாகவும்தானே ஒலிக்க வேண்டும்.

'நியர் வைல்டு ஹெவன்', 'டெக்ஸார்கானா' இரண்டையும் மில்ஸ் பாடுகிறார். இரண்டாவதற்கு ஸ்டைப்புக்கு வார்த்தை அமையாமல் போக, மில்ஸே எழுதிப் பாடினார். பத்து வருடம் பின்னணிக் குரலாக இருந்தவர் முன்னுக்கு வருகிறார். அதையும் பலவிதம் என்ற கணக்கில் போட்டுக் குறை சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜூலை 10, நள்ளிரவு

'கன்ட்ரி ஃபீட்பேக்' பற்றிக் காலையில் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது அநியாயம்.

அந்தப் பாட்டு வெறும் மாதிரிப் பதிவாக (டெமோவாக) ஆரம்பித்தது. பக் சட்டென்று கட்டிய நான்கு கார்டு சுற்று, ஜான் கீனின் பெடல் ஸ்டீல் கிடார். ஸ்டைப் முழுப் பாட்டு எழுதிக்கொண்டு வரவில்லை, கையில் சில குறிப்புகள் மட்டும். அதை வைத்து மைக் முன்னால் பாடினார். அந்தக் குரலைத்தான் ஆல்பத்தில் வைத்தார்கள். உறவு முறிந்து, எல்லா வைத்தியமும் பார்த்து, எதுவும் பலிக்காமல் நிற்கிற ஒருவர் பொருட்களின் பட்டியலைச் சொல்வது போலப் போகும். கடைசியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார். தங்கள் பாட்டுகளில் தனக்குப் பிடித்தது இதுதான் என்று ஸ்டைப் மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1998இல் பிரிட்ஜ் ஸ்கூல் என்ற பள்ளிக்கு நிதி திரட்டிய கச்சேரியில் பாடகர் நீல் யங்கும் கூடச் சேர்ந்து கிடார் வாசித்த பதிவு இருக்கிறது, தேடிக் கேளுங்கள்.

என் வாழ்க்கையில் ஒரு மோசமான வருடம் இந்தப் பாட்டோடுதான் கழிந்தது. அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. ரேடியோவுக்காகப் போட்ட ஆல்பம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்பதற்கு இதைத் தாண்டிக் காரணம் தேட வேண்டாம். ரேடியோவில் ஓட வாய்ப்பே இல்லாத இந்தப் பாட்டு, ரேடியோவில் ஓடிய பாட்டின் தயவால்தான் என் கைக்கு வந்தது.

ஜூலை 12

இன்னொரு வாசகர்: "வெளியானதும் உலகம் சுற்றிப் பணம் பார்த்திருப்பார்களே?"

சுற்றவே இல்லை. 1991 மார்ச்சில் ஆல்பம் வந்தது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். கிராமியில் ஏழு பரிந்துரை, மூன்று விருது. இதற்குச் சுற்றுப்பயணம் கிடையாது, அடுத்த வருடம் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' ஆல்பத்துக்கும் கிடையாது. 1995இல்தான் மறுபடி கிளம்பினார்கள். நடுவில் சிறிய நிகழ்ச்சிகள் உண்டு. லண்டனில் பார்டர்லைன் என்ற குட்டி கிளப்பில் வேறு பெயரில் வாசித்தார்கள். மின்சார வாத்தியங்கள் இல்லாமல் வாசிக்கும் எம்.டி.வி. 'அன்பிளக்டு' நிகழ்ச்சி ஒன்று. மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டனில் 'மவுண்டன் ஸ்டேஜ்' என்ற பொது வானொலி நிகழ்ச்சி ஒன்று. ரேடியோவுக்கென்று உட்கார்ந்து வாசித்தார்கள் என்றால் இதுதான், விளம்பரமில்லாத ரேடியோவில், அக்கூஸ்டிக் வாத்தியங்களோடு.

செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து சத்தமான கிடார் எங்கும் பரவியபோது, இவர்கள் இன்னும் அமைதியான ஆல்பத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். புகழ் வந்தபின் அதை இவர்கள் கையாண்ட விதத்தை நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் மரியாதையோடு பேசியிருக்கிறார்.

ஜூலை 13

கேட்டவர் தனியாக எழுதிக் கேட்டார், எந்தப் பதிப்பை வாங்கலாம் என்று. பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். 2016இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்குங்கள். இரண்டாவது தட்டில் மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன. முதலில் வரிகளில்லாத பதிவுகளை மட்டும் கேளுங்கள். மெட்டு இருக்கிறது, குரல் இன்னும் வரவில்லை, கை புது வாத்தியத்தில் வழி தேடுகிறது. நான் ஜூலை 4 அன்று அவ்வளவு நீளமாக எழுதியது அதில் காதால் கேட்கக் கிடைக்கும். மவுண்டன் ஸ்டேஜ் கச்சேரியும் வேண்டுமென்றால் அந்தப் பதிப்பின் டீலக்ஸ் வடிவை வாங்குங்கள்.

அப்புறம் 2024 ஜூனில், நியூயார்க்கில், பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நால்வரும் மேடையேறிய வீடியோவைப் பாருங்கள். 1997இல் குழுவை விட்டுப் போன பில் பெரியும் இருக்கிறார். அவர்கள் வாசித்தது ஒரே பாட்டு. பக் கையில் மாண்டலின்.

கேட்டுவிட்டு 'லோ' பற்றி எழுதுங்கள். அந்தப் பாட்டைப் பற்றி இங்கே இன்னும் யாரும் பேசவில்லை.